வீட்டு முகவரியும் பள்ளிக் கதவும்

தலைநகர் தில்லியில் குளிர்காலம் தொடங்கும்போது மழலையர் வகுப்புச் சேர்க்கைக்கான பரபரப்பும் தொடங்கிவிடுகிறது. மூன்று வயதுக் குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பதற்குத் தனியார் பள்ளிகள் மதிப்பெண் பட்டியல் வெளியிடுகின்றன. பெரும்பாலான பட்டியல்களில் முதலிடம் பெறுவது வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான தூரமே. வீடு அருகில் இருந்தால் மதிப்பெண் கூடும். தொலைவில் இருந்தால் வாய்ப்பே இல்லை. எனவே, சேர்க்கைக்கு முன்பே வீடு மாறும் குடும்பங்கள் ஏராளம். வருமானத்துக்கு மீறிய வாடகை கொடுத்தேனும் ‘நல்ல பள்ளி இருக்கும் பகுதி’க்குக் குடிபோகிறார்கள். அதற்கு வழியில்லாதோர், நாள்தோறும் பயணத்தில் நேரத்தையும் பணத்தையும் இழக்கிறார்கள். இரண்டுக்கும் வழியற்றோர், கிடைத்த பள்ளியோடு நின்றுவிடுகிறார்கள்.

எந்தப் பகுதியில் குடியிருப்பது, பிள்ளையை எங்கே படிக்க வைப்பது, வேலைக்கு எவ்வளவு தூரம் செல்வது என்ற மூன்று கேள்விகளும் நகர்ப்புறக் குடும்பத்துக்கு ஒரே கேள்விதான். முதலாளித்துவ ஊடகங்கள் இதைக் குடும்பத் தலைவரின் சாமர்த்தியம் சார்ந்த ‘தேர்வு’ என்று சித்திரிக்கின்றன. வீட்டுமனை நிறுவனங்களின் விளம்பரங்கள், ‘மெட்ரோ நிலையம் ஐந்து நிமிடம், பள்ளி பத்து நிமிடம்’ என்று கூவுகின்றன. பொதுப்பணத்தில் போடப்பட்ட ரயில் பாதையும், பொதுநிலத்தில் எழுந்த பள்ளியும், தனியாரின் மனை விலையாகவும் வாடகையாகவும் மாறிவிடுகின்றன. ஒரு குழந்தையின் கல்வித்தரத்தை அதன் பெற்றோர் செலுத்தும் வாடகை தீர்மானிக்குமானால், அதைத் தேர்வு என்று அழைப்பது பொருந்தாது. அது வர்க்கப் பிரிவினை நகர வரைபடத்தின் மீது எழுதப்படுவதே ஆகும்.

கோத்தாரி குழு சொன்னதும் நடந்ததும்

அண்மைப் பள்ளி என்ற கருத்து தனியார் பள்ளிகளின் மதிப்பெண் பட்டியலில் பிறந்ததல்ல. 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி கல்விக்குழு, சாதி, மதம், வருமானம் என்ற வேறுபாடின்றி ஒரு பகுதியின் எல்லாக் குழந்தைகளும் அப்பகுதியின் பொதுப்பள்ளியில் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கல்விக்குத் தேசிய வருமானத்தில் 6 விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்றும் கூறியது. 1968-ஆம் ஆண்டின் கல்விக் கொள்கை பொதுப்பள்ளி முறையை ஏற்றது. 1986-ஆம் ஆண்டின் கொள்கையும் அதை மீண்டும் உச்சரித்தது. ஆனால், 6 விழுக்காடு இன்றுவரை எட்டப்படவில்லை. பொதுப்பள்ளி முறை ஏட்டிலேயே நின்றுவிட்டது. 2007-இல் பிகாரில் முச்குந்த் துபே தலைமையிலான குழு, ஒரு மாநில அளவில் பொதுப்பள்ளி முறையை எவ்வாறு நடைமுறைப்படுத்தலாம் என்று விரிவான திட்டமே வகுத்துக் கொடுத்தது. அந்த அறிக்கையும் கிடப்பில் போடப்பட்டது.

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், அண்மைப் பள்ளியைச் சட்டக் கடமையாக்கியது. முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டர், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு மூன்று கிலோமீட்டர் என்று அதன் மாதிரி விதிகள் எல்லை வகுத்தன. இது போராடிப் பெற்ற உரிமை. ஆனால், பள்ளி அருகில் இருப்பதை மட்டும் சொன்ன சட்டம், ஒரு பகுதியின் பள்ளியும் இன்னொரு பகுதியின் பள்ளியும் சமமாக இருக்க வேண்டும் என்பதை உறுதி செய்யவில்லை. கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற தனிவகைப் பள்ளிகள் ஒருபுறம், கட்டணப் பள்ளிகள் மறுபுறம், எஞ்சியோருக்கு மாநகராட்சிப் பள்ளி என்ற அடுக்குமுறை அப்படியே நீடித்தது. தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்கள் நலிந்த பிரிவினருக்கு என்ற ஏற்பாட்டை 2012-இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. அந்த இடங்களை முழுமையாக நிரப்பவைப்பது அவசியம். எனினும், அதுவே பொதுப்பள்ளிக்கு மாற்றாகிவிடாது.

தில்லியின் அனுபவம் இதற்குச் சான்று. தில்லி வளர்ச்சி ஆணையத்திடம் சலுகை விலையில் நிலம் பெற்ற தனியார் பள்ளிகள் பலவற்றின் ஒதுக்கீட்டு ஆணையிலேயே, அப்பகுதி மக்களுக்குச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. 2013 டிசம்பரில் வெளியிடப்பட்ட வழிகாட்டுதல்கள் 100-க்கு 70 மதிப்பெண்ணை அண்டைப் பகுதிக்கு ஒதுக்கின. பள்ளிகள் வழக்குத் தொடுத்தன; 2014 நவம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. 2017 ஜனவரியில் பொதுநிலத்தில் நடக்கும் பள்ளிகளுக்கு மட்டும் அண்டைப் பகுதி விதியைக் கட்டாயமாக்க மாநில அரசு முயன்றபோது, அதுவும் நீதிமன்றத் தடைக்கு உள்ளானது. நிலம் வாங்கும்போது மக்களின் பெயரைச் சொல்வதும், சேர்க்கையின்போது நிர்வாகத்தின் தன்னாட்சியைச் சொல்வதும் தனியார் பள்ளிகளுக்கு வழக்கமாகிவிட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சமமான பொதுப்பள்ளிகள் எல்லாப் பகுதிகளிலும் இருக்கும்போது தூரம் என்ற அளவுகோல் சமத்துவத்தின் கருவி. நல்ல பள்ளிகள் வசதிபடைத்தோர் வாழும் பகுதிகளில் குவிந்திருக்கும்போது அதே அளவுகோல் ஏழைகளைத் தடுக்கும் வேலி. அளவுகோலை மட்டும் இறக்குமதி செய்து, அதன் அடிப்படையான சமத்துவத்தைக் கைவிட்டதே இங்கு நடந்த மோசடி.

குடியிருப்பே மறுக்கப்படுவோர்

வாடகை கொடுக்கப் பணமிருந்தாலும் எல்லோராலும் எல்லா இடத்திலும் குடியேறிவிட முடிவதில்லை. தலித் என்றோ முஸ்லிம் என்றோ தெரிந்தவுடன் ‘வீடு காலி இல்லை’ என்ற பதில் பெருநகரங்களில் சாதாரணமாகக் கேட்கிறது. சைவ உணவு என்ற போர்வையிலும் இந்த விலக்கு நடக்கிறது. முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதிகளில் பள்ளி உள்ளிட்ட அடிப்படை வசதிகள் குறைவாக இருப்பதை 2006-ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கை சுட்டிக்காட்டியது. முதலில் மக்களைக் குறிப்பிட்ட பகுதிகளுக்குள் தள்ளுவது, பின்னர் அப்பகுதிகளுக்குப் பள்ளியும் பேருந்தும் தராமல் விடுவது என்ற இரட்டை அநீதி இது. ஆகவே, பள்ளிக் கேள்வியைச் சாதி ஒழிப்பிலிருந்தும் மதவெறி எதிர்ப்பிலிருந்தும் பிரித்துப் பார்க்க இயலாது.

மதராஸி கேம்ப் கற்பிக்கும் பாடம்

உழைக்கும் மக்கள் தங்கள் குடியிருப்பைத் தேர்ந்தெடுப்பதே இல்லை என்பது உண்மையல்ல. வேலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவை நடந்து செல்லும் தூரத்தில் இருக்குமாறு கணக்கிட்டே அவர்கள் குடிசை போடுகிறார்கள். நகரத் திட்டம் செய்யத் தவறியதை அவர்களே செய்துகொள்கிறார்கள். பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்பான 1985-ஆம் ஆண்டின் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழும் உரிமைக்குள் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் கூறியபோது, வேலை இருக்கும் இடத்தின் அருகில் வாழ வேண்டிய கட்டாயத்தை ஏற்றுக்கொண்டது. ஆயினும் அந்த மக்கள் வெளியேற்றப்படுவதை அது தடுக்கவில்லை. அந்த முரண்பாடு இன்றுவரை தொடர்கிறது.

தில்லியின் ஜங்புரா பகுதியில், பாராபுல்லா வடிகாலை ஒட்டி அமைந்திருந்த மதராஸி கேம்ப் அப்படியொரு குடியிருப்பு. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற குடும்பங்கள் அங்கே பல பத்தாண்டுகளாக வாழ்ந்தன. பெண்கள் பலர் சுற்றியுள்ள காலனிகளில் வீட்டு வேலை செய்தனர். பிள்ளைகள், அருகிலிருந்த பள்ளிகளில், குறிப்பாகத் தமிழையும் கற்கும் வாய்ப்புள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் படித்தனர். வீடு, வேலை, பள்ளி, மொழி ஆகிய நான்கும் நடைதூரத்துக்குள் இருந்தன. 2025 ஜூன் 1 அன்று, வடிகாலைத் தூர்வாருவதற்கென்று உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில் அந்தக் குடியிருப்பு புல்டோசர்களால் தரைமட்டமாக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை என்று முடிவு செய்யப்பட்டது. எஞ்சியோருக்கு எதுவும் இல்லை.

தகுதி பெற்றவர்களுக்கும் வீடு ஒதுக்கப்பட்டது நகரின் வட எல்லையில், ஹரியானாவை ஒட்டியுள்ள நரேலாவில். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரம். நரேலாவுக்கு மெட்ரோ ரயில் இன்னும் சென்று சேரவில்லை. வாங்குவோர் இன்றிப் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த அடுக்ககங்கள் நிறைந்த பகுதி அது. பணம் கொடுத்து வாங்க எவரும் முன்வராத இடம், குடிசைவாழ் மக்களுக்கு மட்டும் ‘மறுவாழ்வு’ ஆகிவிடுகிறது. தில்லியின் 2015-ஆம் ஆண்டு மறுகுடியமர்த்தல் கொள்கை, அதே இடத்தில், இயலாவிட்டால் 5 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வீடு தர வேண்டும் என்கிறது. அதற்கு அப்பால் அனுப்புவது விதிவிலக்காகவே இருக்க வேண்டும். நடைமுறையில் விதிவிலக்கே விதியாகிவிட்டது.

கோடை விடுமுறையில் இடிக்கப்பட்டதால், பள்ளி திறக்கும்போது ஒவ்வொரு குடும்பத்தின் முன்னும் ஒரே கேள்வி நின்றது: பிள்ளை பழைய பள்ளியைத் தொடர்வதா, விடுவதா? தொடர்ந்தால் விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் திரும்ப வேண்டும். விட்டால் மொழியையும் நண்பர்களையும் ஆசிரியர்களையும் இழக்க வேண்டும். தாய்க்கும் இதே கேள்விதான். காலையில் மூன்று வீடுகளில் வேலை செய்து முடித்துப் பிள்ளைக்கு மதிய உணவு கொடுக்கத் திரும்பிய பெண்ணுக்கு, 40 கிலோமீட்டர் என்பது வேலை இழப்பின் மறுபெயர்.

இது புதிதுமல்ல. அவசரநிலைக் காலத்தில் நகரின் விளிம்புகளுக்கு ஏற்றி அனுப்பப்பட்டவர்களால்தான் திரிலோக்புரியும் மங்கோல்புரியும் நிரம்பின. 2004-இல் யமுனா புஷ்தா குடிசைகள் இடிக்கப்பட்டு, மக்கள் பவானா போன்ற தொலைதூரக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டனர். ஒவ்வொரு முறையும் முதலில் பறிபோனது பெண்களின் வேலையும் பெண் குழந்தைகளின் படிப்பும்தான்.

பயணம் என்ற மறைமுக வரி

பயண நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்படுவதில்லை. ஆனால், அது உழைப்பாளியின் ஓய்விலிருந்து பறிக்கப்படும் நேரமே. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய தொழிலாளி வர்க்கம், இன்று அதன் மீது இரண்டு, மூன்று மணி நேரத்தைச் சாலையில் ஊதியமின்றிக் கூட்டிக் கொடுக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயம் சாராத பணிகளுக்குச் செல்வோரில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் நடந்தே சென்றனர். காரில் சென்றவர்கள் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால், நகரங்களின் மேம்பாலங்களும் விரைவுச் சாலைகளும் யாருக்காகக் கட்டப்படுகின்றன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2002 டிசம்பரில் தொடங்கிய தில்லி மெட்ரோ ஒரு பெரும் பொதுத்துறைச் சாதனை. ஆனால், 2017-இல் இருமுறை உயர்த்தப்பட்ட கட்டணம், அதிகபட்சம் 30 ரூபாயாக இருந்ததை 60 ரூபாயாக்கியது. 2025 ஆகஸ்ட்டில் அது 64 ரூபாயானது. அதிகபட்சத் தூரம் செல்லும் ஒருவர் 25 நாட்கள் போய்வர, அட்டைத் தள்ளுபடிக்கு முன் மாதம் 3,200 ரூபாய் செலவாகும். மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம் இல்லை. மறுபுறம், ஏழைகளின் வாகனமான பேருந்து தேய்ந்துகொண்டே போகிறது. தில்லியில் 10,000 பேருந்துகளை 2001-க்குள் இயக்க வேண்டும் என்று 1998-இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. கால் நூற்றாண்டு கடந்தும் பொதுப்பேருந்துகளின் எண்ணிக்கை அதற்கு வெகு கீழேயே உள்ளது. 2019 அக்டோபரில் தொடங்கிய பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் வரவேற்கத்தக்கது. ஆனால், வராத பேருந்தில் இலவசப் பயணம் எந்தப் பயனும் தராது.

பள்ளிப் படிப்பும் பயணத்தால் தீர்மானிக்கப்படுகிறது. கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக்குச் செல்ல வேண்டிய சிறுமிக்கு அருகில் பள்ளி இல்லையென்றால், பாதுகாப்பைக் காரணம் காட்டிப் படிப்பு நிறுத்தப்படுகிறது. 2006-இல் பிகாரில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு மிதிவண்டி வழங்கப்பட்டபோது உயர்நிலைப்பள்ளிச் சேர்க்கை கணிசமாக உயர்ந்தது. பெற்றோருக்கு மகளின் படிப்பில் ஆர்வமில்லை என்ற வசையை அந்த மிதிவண்டி பொய்யாக்கியது. குறுக்கே நின்றது மனநிலை மட்டுமல்ல, தூரமும்தான்.

மூடப்படும் பள்ளிகள்

தூரத்தைக் குறைக்க வேண்டிய அரசுகள் அதைக் கூட்டிக்கொண்டிருக்கின்றன. 2014-15-க்கும் 2023-24-க்கும் இடையே நாட்டில் அரசுப் பள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 90 ஆயிரம் குறைந்துள்ளது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளி வளாகங்கள் என்ற பெயரில் இந்த இணைப்புகளுக்குக் கொள்கை முலாம் பூசியது. 2025 ஜூனில் உத்தரப் பிரதேச அரசு, 50-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளோடு இணைக்க உத்தரவிட்டது. பெற்றோரும் ஆசிரியர்களும் மாணவர் அமைப்புகளும் போராட்டத்தில் இறங்கினர். மாணவர்கள் குறைவு என்பதால் பள்ளி மூடப்படுகிறது என்கிறார்கள். ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல், கழிப்பறையும் குடிநீரும் தராமல் மாணவர்களை வெளியே தள்ளியது யார் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை.

கேரளத்தின் பாதை இதற்கு நேர்மாறானது. 1957-இல் தோழர் இ.எம்.எஸ். அமைச்சரவையில் கல்வி அமைச்சராக இருந்த ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா, தனியார் பள்ளி நிர்வாகங்களின் எதேச்சதிகாரத்தைக் கட்டுப்படுத்த முனைந்தது. அதற்காகவே கிளப்பப்பட்ட ‘விமோசன சமரம்’, 1959 ஜூலை 31 அன்று ஆட்சிக் கலைப்பில் முடிந்தது. கல்வியில் கைவைத்தால் ஆளும் வர்க்கங்கள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அது உதாரணம். பின்னர் இடது ஜனநாயக முன்னணி அரசு, பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கத்தை 2017-இல் தொடங்கியது. சுமார் 45,000 வகுப்பறைகள் நவீனமயமாக்கப்பட்டன. தனியார் பள்ளிகளிலிருந்து பொதுப்பள்ளிகளுக்குக் குழந்தைகள் திரும்பி வந்தனர். ஊரில் உள்ள பள்ளி நன்றாக இருந்தால் பெற்றோர் வேறு ஊர் தேட மாட்டார்கள் என்பதே அதன் எளிய பாடம்.

நம் அணிகளின் முன் உள்ள கேள்வி

இந்தப் பிரச்சனை கட்சி அணிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் வெளியே இருப்பதல்ல. வங்கி, காப்பீடு, ரயில்வே, மத்திய அரசு ஊழியர் சங்கங்களின் உறுப்பினர்களும் பள்ளியையும் பயணத்தையும் கணக்கிட்டே வீடு தேடுகிறார்கள். பெரும்பாலோர் பிள்ளைகளைக் கட்டணப் பள்ளிகளில் சேர்க்கிறார்கள். ஒரு தனிப்பட்ட பெற்றோரை இதற்காகக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தன் குழந்தையின் எதிர்காலத்தைப் பணயம் வைத்துக் கொள்கை காக்குமாறு எவரையும் கேட்க முடியாது. ஆனால், அமைப்புகள் எதைக் கோருகின்றன என்பது தனிநபர் விவகாரம் அல்ல.

ஏழாவது ஊதியக்குழுவுக்குப் பின் மத்திய அரசு ஊழியர்களுக்குக் குழந்தை ஒன்றுக்கு மாதம் 2,250 ரூபாய் கல்விப்படி கிடைத்தது. 2024 முதல் அது 25 விழுக்காடு உயர்ந்தது. வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, கல்விப்படி ஆகிய மூன்றையும் உயர்த்தக் கோருவது நியாயமே. விலைவாசி உயரும்போது அவை உயர வேண்டும். எனினும், இந்த மூன்று படிகளும் சந்தையில் வீட்டையும் பயணத்தையும் பள்ளியையும் வாங்குவதற்கான பணம் என்பதை மறக்கக் கூடாது. படி உயரும்போது வாடகையும் கட்டணமும் பின்னாலேயே உயர்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளிக்கோ, உணவு விநியோகிக்கும் இளைஞருக்கோ, வீட்டு வேலைத் தொழிலாளிக்கோ எந்தப் படியும் கிடையாது. அமைப்பு ரீதியாகத் திரண்ட தொழிலாளர்களின் கோரிக்கைப் பட்டியலில் ‘படி’யோடு ‘பள்ளி’யும் ‘பேருந்து’ம் இடம்பெறும்போதுதான், திரட்டப்படாத தொழிலாளர்களோடு அவர்களின் நலன் ஒன்றிணையும்.

2015 ஆகஸ்ட்டில் அலகாபாத் உயர்நீதிமன்றம், அரசு ஊதியம் பெறுவோரின் குழந்தைகள் அரசுப் பள்ளிகளில் படிக்க வழிசெய்யுமாறு உத்தரவிட்டது. அந்த உத்தரவு செயலுக்கு வரவில்லை. கட்டாயத்தின் மூலம் இதைச் சாதிக்க முடியுமா என்பது விவாதத்துக்குரியது. ஆனால், அதன் பின்னுள்ள உண்மை மறுக்க முடியாதது. குரல் உள்ளவர்கள் வெளியேறிய பள்ளிக்காகக் கேள்வி கேட்க ஆள் இருப்பதில்லை. ஆசிரியர் இல்லை, கூரை ஒழுகுகிறது, பேருந்து நிற்பதில்லை என்று மனு எழுதும் பெற்றோர் போய்விட்டால், எஞ்சிய பெற்றோரின் குரல் அதிகாரிகளின் காதில் விழுவதில்லை. பள்ளியைக் காப்பது என்பது அதனுள் மக்களைத் திரட்டுவதும்தான்.

செய்ய வேண்டியவை

கல்வி உரிமைச் சட்டத்தை மழலையர் கல்வி முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை விரிவாக்க வேண்டும்; கல்விக்கு 6 விழுக்காடு நிதி ஒதுக்க வேண்டும்; பள்ளி இணைப்பு, மூடல் உத்தரவுகளைத் திரும்பப் பெற வேண்டும். இவை ஒன்றிய அரசையும் மாநில அரசுகளையும் நோக்கிய கோரிக்கைகள். பொதுநிலம் பெற்ற தனியார் பள்ளிகள் நில நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும். மாணவர்களுக்கு மெட்ரோவில் சலுகைக் கட்டணமும், போதிய பேருந்துகளும் வேண்டும். குடிசைப் பகுதிகளுக்கு அதே இடத்தில் வீடு என்பதே விதியாக வேண்டும். இடமாற்றம் தவிர்க்க முடியாததெனில், பள்ளியில் இடமும் பேருந்து வசதியும் உறுதியாகும்வரை ஒரு செங்கல்லைக் கூடப் பெயர்க்கக் கூடாது. கல்வியாண்டின் நடுவிலும் தொடக்கத்திலும் இடிப்பு நடக்கக் கூடாது.

இந்தக் கோரிக்கைகள் மாநாட்டுத் தீர்மானங்களோடு நின்றுவிடாமல் இருக்க, கிளைகள் செய்யக்கூடிய பணி உண்டு. கிளையின் எல்லைக்குள் எத்தனை அரசுப் பள்ளிகள் உள்ளன, எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் காலி, எட்டாம் வகுப்பு முடித்த மாணவி அடுத்து எங்கே செல்கிறாள், காலை நேரப் பேருந்து எத்தனை மணிக்கு, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை வீடு வீடாகக் கேட்டுப் பதிவு செய்யலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பல இடங்களில் இக்குழுக்கள் காகிதத்தில்தான் உள்ளன. மாதர், மாணவர், வாலிபர் அமைப்புகளின் ஊழியர்கள் பெற்றோரைத் திரட்டி இக்குழுக்களை உயிர்ப்பித்தால், பள்ளி மூடப்படும் உத்தரவு வரும்போது எதிர்த்து நிற்க ஓர் அமைப்பு ஏற்கெனவே தயாராக இருக்கும்.

நல்ல பள்ளியும் நெரிசலற்ற பேருந்தும் சில பகுதிகளின் சிறப்பம்சமாக இருக்கும்வரை, வீடு தேடுதல் என்பது வசதியுள்ளோருக்குத் தேர்வாகவும் மற்றோருக்குத் தண்டனையாகவும் நீடிக்கும். எந்தத் தெருவில் குடியிருந்தாலும் குழந்தை நடந்து செல்லும் தூரத்தில் ஒரே தரமான பள்ளி என்பதே உழைக்கும் மக்களின் நகரம். அந்த நகரத்தைச் சந்தை கட்டித் தராது. போராடித்தான் பெற வேண்டும்.